மரத்தூளைப் பக்குவம் செய்து முயலுக்குத் தீவனமாகப் போடலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கூண்டு வைத்து 30 முயல் வளர்க்கிறேன். தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை. என் கொழுந்தனார் திருச்சி மரக்கடைப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறார். மரத்தூள் மூட்டை மூட்டையாகச் சும்மாவே கிடைக்கும். அதை யூரியாவிலோ காஸ்டிக் சோடாவிலோ ஊறவைத்துக் காயப்போட்டு, தவிட்டோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கலாம், வெளிநாட்டில் எலிக்கே அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? மகளிர் குழுக் கடனில் வாங்கிய முயல்கள், அதனால் பயமாகவும் இருக்கிறது.

*– வாசகி, ஸ்ரீரங்கம்*

பதில்: செய்யாதீர்கள், சகோதரி. பயந்து கேட்டது நல்லதாகப் போயிற்று. ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லி விட்டுவிட்டால், நாளைக்கு வேறொருவர் வேறு மருந்தின் பெயரைச் சொல்லி உங்களைக் குழப்புவார். அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மரத்தில் முக்கால் பங்கு வரை சர்க்கரைச் சத்து இருக்கிறது. கேட்க ஆச்சரியமாக இருக்கும். செல்லுலோஸ் 40 முதல் 45 சதவிகிதம், அதன் தம்பியான அரைச்செல்லுலோஸ் 20 முதல் 30 சதவிகிதம். இரண்டுமே சர்க்கரையைக் கோத்துச் செய்த சங்கிலிகள்தான். ஆனால், மீதியில் பெரும்பகுதி லிக்னின் என்ற பொருள். செங்கல் சுவருக்குச் சிமென்ட் எப்படியோ, மரத்துக்கு லிக்னின் அப்படி. அது செல்லுலோஸைச் சுற்றிப் பூசிக்கொண்டு நிற்பதால், வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் உள்ளே நுழைய முடியாது. பெட்டியில் பணம் இருக்கிறது, சாவிதான் இல்லை. புரதமோ மரத்தில் ஒரு சதவிகிதம்கூடத் தேறாது.

‘அந்தப் பூட்டைத்தானே யூரியாவும் சோடாவும் உடைக்கிறது?’ என்று உங்களுக்குச் சொன்னவர் கேட்பார். வைக்கோலில் ஓரளவு உடைக்கும். மரத்தில் அவ்வளவு சுலபமில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை போன்ற இடங்களில் மரத்திலிருந்து லிக்னினைப் பிரிக்கிறார்கள். அதற்கு மரச் சில்லுகளைக் காரக் கரைசலில் போட்டு, மூடிய கலனில், கொதிக்கும் தண்ணீரைவிடப் பல மடங்கு அழுத்தத்தில், 160 டிகிரிக்கு மேல் வேகவைக்கிறார்கள். அந்த வேலையை நம் வீட்டுப் பிளாஸ்டிக் தொட்டியில், வெயிலில் வைத்து முடித்துவிட முடியாது.

இதை யாரும் முயன்று பார்க்காமலும் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஸ்வீடன், பின்லாந்து, நார்வே நாடுகளில் தீவனம் கிடைக்காமல் போனபோது, காகித ஆலையில் வெந்து வந்த மரக்கூழை மாட்டுக்கும் குதிரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆலையில் வெந்த கூழ் அது, வெறும் மரத்தூள் அல்ல. பிற்பாடு அமெரிக்காவில் மரத்தூளைச் சோடாவில் ஊறவைத்துச் சோதித்தார்கள். குளிர் நாட்டு ஆஸ்பென் போன்ற ஒன்றிரண்டு மென்மையான மரங்கள் கொஞ்சம் இசைந்து கொடுத்தன. ஓக் போன்ற கடின மரங்களில் பலன் சொற்பம். பைன் வகைகள் அசையவே இல்லை. மாட்டின் இரைப்பைத் திரவத்தை வைத்துச் செய்த கணக்கே இப்படி. நம் ஊர் மில்லில் வருவதோ தேக்கு, வேம்பு, வாகை, பூவரசு என்று பல மரத்தூள் கலந்த மூட்டை.

எலிக்குக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆராய்ச்சிக்கூட எலிகளுக்கு என்று 1993-ல் வகுத்த ஒரு தீவனக் கலவை உண்டு. அதில் 5 சதவிகிதம் செல்லுலோஸ் தூள் சேர்க்கிறார்கள். அது மரத்திலிருந்து வந்தாலும், லிக்னினை நீக்கிச் சுத்தப்படுத்திய வெள்ளைத் தூள். அதைச் சேர்ப்பதும் எலி கொழுக்க அல்ல, நார் வேண்டும் என்பதற்காக மட்டும். சத்துக்கு வேறு பொருட்கள் அந்தக் கலவையில் இருக்கின்றன.

கணக்கையும் பார்த்துவிடுவோம். வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அடர் தீவனம் என்றால், 30 முயலுக்கு 3 கிலோ, மாதத்துக்கு 90 கிலோ. கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,150 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்கு மரத்தூள் கலந்தால் மிச்சம் 315 ரூபாய். ஆனால், வயிறு நிறைந்து சத்து குறைந்த தாய்க்குப் பால் சுருங்கும். ஒரு ஈற்றுக் குட்டிகள் செத்தாலே அந்த 315 ரூபாய் எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் முயலே மிஞ்சாது.

ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்துப் பார்த்திருந்தால் பதற வேண்டாம், உடனே நிறுத்துங்கள். தண்ணீர் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். காய்ந்த புல் கொடுத்து, பழைய தீவனத்துக்கு ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகத் திரும்புங்கள். புழுக்கை சிறுத்தாலோ, நின்றாலோ, வயிறு உப்பினாலோ, முயல் தீனி எடுக்காமல் மூலையில் ஒடுங்கினாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முயல் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து.

கேள்வி: மாட்டுக்கு யூரியா வைக்கோல் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறேன். மாட்டுக்கு ஆகும் யூரியா முயலுக்கு ஏன் ஆகாது? முயலும் புல் தின்பதுதானே?

*– வாசகர், லால்குடி*

பதில்: இரண்டும் புல் தின்பவைதான். அடுப்பு இருக்கும் இடம் வேறு.

நீங்கள் செய்யும் முறை 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைப்பது. அதில் யூரியா அமோனியாவாக மாறி வைக்கோலை இளக்குகிறது. மாட்டுக்கு அசையூண் பை வயிற்றின் முன்பகுதியில் இருக்கிறது. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவைத் தின்று புரதமாக மாறுகின்றன. அந்த நுண்ணுயிர்கள் பின்னால் இருக்கும் உண்மை இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் போய்ச் செரிக்கின்றன. மாடு உண்மையில் தன் வயிற்றுக்குள் ஒரு பண்ணை நடத்தி, விளைச்சலைத் தின்கிறது.

முயலுக்கு அந்தப் பண்ணை குடலின் பின்பகுதியில், பெரிய பை ஒன்றில் இருக்கிறது. வாய் வழியாகப் போன யூரியா அங்கே சேருமுன் சிறுகுடலிலேயே ரத்தத்தில் கலந்துவிடும். அதைக் கழிக்கும் பாரம் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும். அளவு கூடினால் நஞ்சு. காஸ்டிக் சோடாவும் அப்படியே. சரியாகக் கழுவாத காரம் வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். கழுவினாலும் தங்கும் சோடியம் தாகத்தையும் சிறுநீரையும் பெருக்கும். ஈரக் கூண்டில் பாதப் புண் வரும்.

பின்பக்கப் பண்ணையின் விளைச்சலை முயல் வேறு வழியில் எடுத்துக்கொள்கிறது. இரவிலும் விடிகாலையிலும் மெதுவான, பளபளப்பான உருண்டைகளாக வெளியேற்றி, ஆசன வாயிலிருந்து நேரடியாகவே வாயால் எடுத்து விழுங்கிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து நோய் என்று பயப்படுவார்கள். நோய் அல்ல, அதன் இயல்பு அது.

ஆனாலும் நாரைச் செரிப்பதில் முயல் கெட்டிக்காரன் இல்லை. குதிரை மசாலின் நாரில் மாடு பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செரிக்கும். கினிப் பன்றி மூன்றில் ஒரு பங்கு. முயலோ ஆறில் ஒரு பங்கு. வடிகட்டின மாதிரி, நல்ல சத்தை மட்டும் பையில் நிறுத்திக்கொண்டு, முரட்டு நாரைச் சீக்கிரமாக வெளியே தள்ளிவிடும். அந்த முரட்டு நார் குடலை ஓடவைக்கத் தேவை. அதில்லாமல் தானியமாகவே கொடுத்தாலும் கழிச்சல் வந்து குட்டிகள் சாகும். ஆகவே நார் அவசியம், ஆனால் நாரே சாப்பாடாகாது. அந்த நாரைப் புல்லிலும் தழையிலும் கொடுத்தால் கூடவே புரதமும் வரும். மரத்தூளில் கொடுத்தால் நார் மட்டும்தான்.

கேள்வி: அப்படியானால் தீவனச் செலவைக் குறைக்க என்னதான் வழி? வாழைக்குப் பக்கத்தில் நாலு சென்ட் சும்மா கிடக்கிறது.

*– வாசகி, திருவானைக்காவல்*

பதில்: அந்த நாலு சென்ட்தான் வழி. அதில் வேலிமசால் போடுங்கள். முதல் அறுவடை 90 நாளில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத் தண்ணீருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகப் பராமரித்தால் ஹெக்டேருக்கு வருடத்தில் 100 டன்னுக்குக் குறையாது. அந்தக் கணக்கில் சென்ட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நாலு சென்ட்டில் 4 கிலோ. முயலுக்கு 250 கிராம் வீதம் 16 முயலுக்கு அன்றாடம் தழை ஆயிற்று. வரப்பிலும் வேலியிலும் அகத்தி, கல்யாண முருங்கை, மல்பெரி, முருங்கை வைத்தால் மீதிக்கும் வரும். தண்ணீர் குறைந்த மானாவாரி நிலக்காரர்கள், பெயரிலேயே முயலை வைத்திருக்கும் முயல் மசாலைப் போடலாம்.

சூபாபுல் தழையைக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் மைமோசின் என்ற பொருள் அளவு மீறினால் முடி கொட்டும். எந்தத் தழையையும் பனி ஈரத்தோடு போடாதீர்கள். காலையில் அறுத்து, நிழலில் வாடவைத்து, மாலையில் கொடுங்கள். புதுத் தழையை ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் பழக்குங்கள்.

நல்ல தழை இருந்தால், சினையில்லாத வளர்ந்த முயலுக்கு அடர் தீவனத்தை 50 கிராம் வரை குறைக்கலாம். சினை முயலுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் குறைக்கக் கூடாது. அடர் தீவனத்தை வீட்டிலேயே கலக்க ஓர் அளவு சொல்கிறேன். 100 கிலோவுக்கு:

- மக்காச்சோளம் அல்லது கம்பு – 30 கிலோ
- கோதுமைத் தவிடு – 30 கிலோ
- எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு – 19.5 கிலோ
- கடலைப் பிண்ணாக்கு – 18 கிலோ
- தாது உப்புக் கலவை – 2 கிலோ
- சாதா உப்பு – அரை கிலோ

இதில் புரதம் 17 சதவிகிதம் அளவில் வரும். கடலைப் பிண்ணாக்கு மட்டும் பூசணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். பூசண நஞ்சு முயலுக்கு ஆகவே ஆகாது. அரிசித் தவிட்டில் உமித்தூளோ மரத்தூளோ கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கிவிடுங்கள். மேலே மிதக்கும் சொரசொரப்பான தூள் அதிகம் இருந்தால் சந்தேகம்தான். மூட்டைக் கணக்கில் வாங்குகிறவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம். நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள, திருச்சி கொட்டப்பட்டில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையமும், சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையமும் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கின்றன.

கேள்வி: வெள்ளெலி, கினிப் பன்றி வளர்த்துக் கொடுத்தால் ஆராய்ச்சிக்கு வாங்கிக்கொள்கிறோம், ‘பதப்படுத்திய மரத்தீவனம்’ நாங்களே தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று ஓர் ஏஜென்ட் ஊரில் கூட்டம் போட்டார். சேரலாமா?

*– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், முசிறி*

பதில்: முன்பணத்தை முந்தானையிலேயே முடிந்து வைக்கச் சொல்லுங்கள். ஈமு கோழியில் கொங்கு மண்டலம் 2012-ல் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். குஞ்சும் அவர்களே, தீவனமும் அவர்களே, வாங்குவதும் அவர்களே என்றால், அவர்கள் கதவைச் சாத்திய அன்று உங்களுக்குச் சந்தை கிடையாது.

இதில் சட்டமும் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு விற்பதற்காக எலி, கினிப் பன்றி, முயல் வளர்ப்பவர்கள், விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்கள் அப்படிப் பதிவு பெற்ற இடத்திலிருந்துதான் வாங்கும். ஏஜென்ட்டிடம் பதிவுச் சான்றைக் கேளுங்கள். உங்கள் கொட்டகைக்கும் பதிவு வாங்கித் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தீவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கினிப் பன்றியின் உடல், நம்மைப் போலவே, வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்காது. பச்சைத் தழையோ வைட்டமின் சேர்த்த தீவனமோ இல்லாமல் மரத்தூளில் வளர்த்தால், சில வாரங்களில் மூட்டு வீங்கி, ஈறு கசிந்து சாகும். பெருவில் இந்தப் பிராணியை இறைச்சிக்காக அடுப்படியிலேயே வளர்க்கும் குடும்பங்கள் குதிரை மசாலும் சோளத் தட்டையும் காய்கறித் தோலும்தான் போடுகிறார்கள். ‘பதப்படுத்திய’ என்ற சொல்லைக் கேட்டதும் ‘எதை வைத்துப் பதப்படுத்தியது?’ என்று கேட்கப் பழகுங்கள்.

கேள்வி: மரத்தூளுக்கு உபயோகமே கிடையாதா? எந்த மரத்தூள் ஆபத்து, எது ஆபத்தில்லை?

*– வாசகர், மணப்பாறை*

பதில்: நிறைய உபயோகம் இருக்கிறது, வாயில் போடாத வரைக்கும்.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். கரையான், பூசணம் பிடிக்காமல் இருக்க மரத்துக்கு மருந்து ஏற்றுவார்கள். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஒரு வகை. ஆர்செனிக் என்பது பாஷாணம்தான். ரப்பர் மரப் பலகைக்குப் போரிக் அமிலமும் வெங்காரமும் ஏற்றுவார்கள். பிளைவுட், துகள் பலகை இவற்றில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை இருக்கும். இவற்றை அறுத்த தூளைத் தீவனத்தில் மட்டுமல்ல, கூண்டருகிலும் குப்பைக்குழியிலும்கூடச் சேர்க்காதீர்கள். ஏற்றுமதிப் பெட்டிப் பலகையில் முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றியது, ‘எம்.பி.’ என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. பெயின்ட், வார்னிஷ் பட்ட பழைய மரமும் வேண்டாம். மில்லில் தூள் எடுக்கும்போது, பச்சை மரம் அறுக்கும் மேடைத் தூளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்படி வாங்கிய சுத்தமான தூளைக் கூண்டுக்குக் கீழே இரண்டு அங்குலம் பரப்பினால், முயலின் சிறுநீரை உறிஞ்சிக் காரமான வாடையைக் குறைக்கும். மாவு போன்ற தூளைவிட இழைப்புச் சுருள் நல்லது. மாவுத்தூள் பறந்து முயலுக்குச் சளி, தும்மலைக் கொண்டுவரும்.

நனைந்த அந்தத் தூள்தான் உண்மையான வரும்படி. வெறும் மரத்தூளை நிலத்தில் போட்டால், மக்குவதற்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். முயல் சிறுநீரும் புழுக்கையும் சேர்ந்தால் அந்தப் பசி அடங்கும். தென்னைநார்க் கழிவை மக்கவைக்கத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். நம் குவியலிலும் அதே காளான் வித்தைத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளலாம். லிக்னினைத் தின்னத் தெரிந்த ஒரு சில உயிர்களில் காளான் ஒன்று. தென் சிலி நாட்டுக் காடுகளில் இப்படிப்பட்ட காளான் தின்று வெளுத்துப்போன மரத்தை மாட்டுக்கே தீனியாகப் போடும் வழக்கமும் இருக்கிறது. காடு பல வருடம் எடுத்துச் செய்யும் வேலை அது. அங்கேயும் மாட்டுக்குத்தான், முயலுக்கு அல்ல. மக்கிய எரு நன்றாகக் கறுத்து, சூடு தணிந்து, மண்வாசனை வந்த பிறகு வாழைக்குப் போடுங்கள்.

முயலுக்கு மரம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. அதன் முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிட்டால் பல் வளைந்து, தீனி எடுக்க முடியாமல் போகும். மருந்து அடிக்காத கொய்யா, மல்பெரி, முருங்கைக் குச்சியை விரல் பருமனில் வெட்டிக் கூண்டில் போடுங்கள், பட்டையை உரித்துத் தின்று பல்லைத் தீட்டிக்கொள்ளும். அரளி, எருக்கு, ஆமணக்கு, ஊமத்தைக் குச்சி மட்டும் கூடவே கூடாது.

ஸ்ரீரங்கம் சகோதரிக்கு இன்னொரு வார்த்தை. கொழுந்தனார் தரும் மூட்டையை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். வாங்கிக் கூண்டுக்குக் கீழே போடுங்கள். மேலே வேலிமசால், கீழே மரத்தூள். குழுக் கடன் தவணைக்கு முயல் விற்ற காசோடு எரு விற்ற காசும் சேரும். முயல் எண்ணிக்கை, தாய் எத்தனை, குட்டி எத்தனை, தழைக்கு எத்தனை சென்ட் இடம் என்று எழுதி அனுப்பினால், உங்கள் பண்ணைக்கென்று ஒரு தீவனக் கணக்கை அடுத்த இதழில் போட்டுத் தருகிறேன்.